சிங்காநல்லூர் தனி ஊருங்க!

இப்போது கோவைக்குள்ளேயே இருக்கும் சிங்காநல்லூரின் பெரியவர்கள் இன்னமும் "கோயம்புத்தூர் போயிட்டு வர்றேன்" என்றுதான் பஸ் ஏறுவார்கள். சிரிக்காதீங்க. 1981ல் கோவை மாநகராட்சி ஆகும்வரை சிங்காநல்லூர் தனி நகராட்சி.

கோவை 1866லேயே நகராட்சி ஆகிவிட்டது. 1888ல் ஸ்டேன்ஸ் துரை மில் ஆரம்பித்தார். ஆனாலும் மில்கள் சரசரவென்று பெருகியது 1930களில், நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான். நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கரண்டு வந்ததும் அந்தத் தொல்லை போச்சு. பருத்தி இந்தப் பக்கமே விளைந்தது. பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் என்று கிழக்கே மில்லும் லைன் வீடுகளுமாக ஊர் நீண்டது.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் திருச்சி ரோடு முழுக்க சைக்கிள்தான். ஹேண்டிலில் தூக்குப்போசி, தலைமுடியில் பஞ்சு. கடிகாரம் இல்லாத வீட்டில் சங்கை வைத்துத்தான் உலை வைப்பார்கள்.

அப்புறம் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடங்களில் இப்போது அடுக்குமாடி. 2011ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டு ஆகிவிட்டது. சேர்த்த வேகத்தில் சாக்கடையும் போட்டிருக்கலாம், சரி விடுங்க.

உங்கள் வீட்டில் யாராவது மில்லுக்குப் போனவர்கள் இருந்தால் எந்த மில், எந்த ஷிப்ட் என்று எழுதுங்க.