குடலில் உப்பு விரும்பிகளைத் தேடிய அனுபவம்

ஈரோட்டில் முதுநிலை நுண்ணுயிரியல் படித்தபோது, மனிதக் குடலிலிருந்து உப்பு விரும்பும் பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பதை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு முன் படித்தவர்கள், திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் உப்பேறிய நொய்யல் கரை மண்ணில் இவ்வகை உயிரிகளைத் தேடியிருந்தார்கள். மண்ணுக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. மல மாதிரிக்கோ நெறிமுறைக் குழுவின் அனுமதியும், கொடுப்பவரின் கையொப்பமும் தேவைப்பட்டன.

2012-இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 212 வளர்ப்புச் சூழல்களைப் பயன்படுத்தி, மலத்திலிருந்து 340 பாக்டீரியா இனங்களை வளர்த்துக் காட்டியிருந்தார்கள். உப்பு மிகுந்த வளர்ப்பு ஊடகத்தில் குடலின் புதிய இனங்களையும் அவர்கள் பின்னர் பிரித்தெடுத்ததே எனக்குத் துணிவைத் தந்தது.

கடல்நீரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 10 விழுக்காடு, உப்புள்ள அகாரில் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழ் போன்ற ஊடகம்) மாதிரியைத் தீட்டினேன். ஈ.கோலி போன்ற வழக்கமான குடல் பாக்டீரியா அதில் தலைகாட்டுவதில்லை. உப்பு விரும்பிகளோ வாரக்கணக்கில் காக்க வைக்கும். அதற்குள் அகார் காய்ந்து உப்புப் படிகம் பூத்துவிடும் என்பதால், தட்டுகளை ஈரப்பஞ்சுடன் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். சிறு படிகமும் காலனியும் (பாக்டீரியா பெருகி உருவாகும் புள்ளி) வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்; கம்பி வளையத்தால் தொட்டால் நொறுங்குவது படிகம், குழைந்து வருவது காலனி. பாக்டீரியாவை வகைபிரிக்க உதவும் கிராம் சாயமேற்ற, செல்களைத் தூயநீரில் கலக்காமல் உப்புக் கரைசலிலேயே கலக்கினேன். உப்புக்குப் பழகிய செல்கள் தூயநீரில் வெடித்துவிடக்கூடும். நீல ஊதா நிறக் கோல்வடிவச் செல்களும், அவற்றுள் கடுஞ்சூழலைத் தாங்கும் உறக்கநிலை வித்துகளும் தெரிந்தன.

பாக்டீரியா இனத்தை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசை, விர்ஜிபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தின் அறியப்பட்ட இனமொன்றுடன் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தது. ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் புது இனம் என்ற பேச்சுக்கே இடமுண்டு என்பதால், அந்த ஆசை அத்துடன் தீர்ந்தது.

அதைவிட முக்கியமான கேள்வி வாய்மொழித் தேர்வில் வந்தது: இது குடலில் வாழ்கிறதா, வந்து போகிறதா? ஊறுகாய், கருவாடு, நம் பக்கத்து உப்புக்கண்டம் ஆகிய எதனுடனும் வித்தாக நுழைந்து, இரைப்பை அமிலத்தையும் தாங்கி, வளராமலேயே வெளியேறியிருக்கலாம். தட்டில் வளர்வது மட்டும் குடலில் வாழ்வதற்குச் சான்றாகாது என்றே நானும் கருதுகிறேன். ஆகவே அறிக்கையின் தலைப்பில் ‘குடல்வாழ்’ என்பதை அடித்துவிட்டு, ‘மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட’ என்று திருத்திக் கொடுத்தேன்.