ரப்பரில் விழுந்த விரிசல்

இன்று என் எஞ்சினிலிருந்து பழைய டேம்பரை, அதாவது கிராங்க் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டின் முன்முனையில் இருக்கும் அதிர்வடக்கியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஹப் என்ற மையப்பகுதிக்கும் வெளிவளையத்துக்கும் நடுவிலிருக்கும் ரப்பர் முழுக்க மயிரிழை விரிசல். வளையம் சற்றே நழுவி, பற்றவைப்பு நேரத்தைப் பார்க்க அதில் போட்டிருக்கும் டைமிங் குறியும் இடம் மாறியிருந்தது.

ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் கிராங்க் ஷாஃப்ட் துளியூண்டு முறுகி மீள்கிறது. அந்த அதிர்வை அடக்குவதுதான் டேம்பரின் வேலை.

விலை கூடிய டேம்பர் போட்டால் பவர் ஏறுமா என்று கேட்கிறார்கள். அதற்காக வாங்க வேண்டாம்.

ஆனால் டர்போ சேர்த்து, ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) வரம்பையும் உயர்த்திய எஞ்சினா? அப்போது நல்ல டேம்பர் கட்டாயம் வேண்டும் என்பேன். கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் அதை நம்பித்தான் சுழல்கின்றன.

எடை குறையட்டும் என்று டேம்பரையே எடுத்துவிட்டு வெறும் அலுமினியப் புல்லி மாட்டுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் மனசு பதறுகிறது.