நாலாவது ஞாயிறுதான் கோபுரம் நின்றது

கோயில் கோபுரத்தை நீர்வண்ணத்தில் வரையப் போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வீண் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் மூன்று தாள் போனது நிஜம். அதுவும் 300 ஜிஎஸ்எம், அதாவது தண்ணீர் தாங்கும் கனமான பருத்தித் தாள். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இடம், மயிலாப்பூர் சன்னதித் தெரு. எதிரே கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம்: ஏழு நிலை, சுமார் 120 அடி. காலை ஏழு மணிக்கே பூக்கடை ஓரமாக மடக்கு நாற்காலியைப் போட்டுவிடுவோம், சேர்ந்து வரைகிற ஏழெட்டுப் பேர். முதல் வாரம் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பென்சிலில் பிடிக்கப் பார்த்தேன். இரண்டாம் நிலைக்கு ஏறுவதற்குள் மணி பத்து. அடுத்த வாரம் கண்ணில் பட்ட நிறத்தையெல்லாம் வைத்தேன். பிறந்தநாள் கேக் மாதிரி வந்தது. மூன்றாம் வாரம் அவசரம். வானம் காய்வதற்குள் கோபுரத்தைத் தொட்டதில் தண்ணீர் ஏறி, உச்சியில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை பூத்துவிட்டது.

வரைந்து முடித்ததும் எல்லா நோட்டையும் தரையில் விரித்து வைப்பது வழக்கம். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. எதை முதலில் வைத்தாய், எங்கே நிறுத்தினாய் என்று கேட்டாக வேண்டும். என் நோட்டு எப்போதும் கடைசியில், கொஞ்சம் செருப்பு மறைவில். அதையும் குனிந்து பார்த்தார் எங்களில் மூத்தவர்.

"வெயில் எந்தப் பக்கம் தம்பி?"

"நம்ம முதுகுல சார்."

"அப்ப கோபுரத்துல நிழல் ஏது? எல்லா பொம்மையும் ஒரே வெளிச்சத்துல நிக்கும். சாயங்காலம் வா."

போனேன். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கியிருந்தது. காலையில் என்னைப் படுத்திய பொம்மைகள் எல்லாம் ஒரே நிழலுக்குள் போய்விட்டன; விளிம்பில் மட்டும் தலையும் கையுமாகத் துருத்திக்கொண்டு நின்றன. செல்போனில் படம் எடுத்தால் வெறும் கறுப்பு. நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள் நீலம் இருக்கிறது, கீழே தெருப்பக்கம் போகப் போகப் பழுப்பு ஏறுகிறது. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் குழைத்து, ஈரம் விடாமல் மேலிருந்து கீழே ஒரே பூச்சாக இறக்கினேன். அல்ட்ராமரீனின் துகள் தாளின் குழிகளில் தங்கி, சுதையின் சொரசொரப்பு தானாக வந்தது. அது என் திறமை இல்லை. காய்ந்த பிறகு எல்லாம் ஒரு படி வெளிறியது. அடுத்த முறை இன்னும் கெட்டியாகக் குழைக்க வேண்டும்.

மொத்தம் நாற்பது நிமிடம். நோட்டை அன்றைக்கு நடுவில் வைத்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"கோபுரம் சரி. என் கடை எங்க தம்பி?"

அடியில் இருந்த பழுப்புத் தீற்றலைக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை.

இந்த வாரம் கடைதான். மல்லிகைக்கு வெள்ளை வண்ணம் கிடையாது, தாளையே தொடாமல் விட வேண்டும். பழைய தாள்களின் பின்பக்கத்தில் கூடை கூடையாக விட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.