ஒரு மணி நேரக் கடன்

எங்கள் கல்லூரி மாணவர்கள் இருபத்திரண்டு பேரையும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழக வகுப்பையும் இணையவழியில் சேர்த்து நடத்தும் பொறுப்பு, 2024 தொடக்கத்தில் என் தலையில் விழுந்தது. விசாவும் விமானச் சீட்டும் இல்லாமல் இரு நாட்டு மாணவர்கள் ஒரே பணியைக் கூடிச் செய்யும் இம்முறைக்குக் 'காயில்' என்று பெயர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்கென ஒரு மையமே தொடங்கியது.

எங்களுக்கு வாய்த்த பணி, வீட்டுக் குப்பையை ஒரு வாரம் எடைபோட்டு ஒப்பிடுவது. காய்கறிக் கழிவு தினமும் பூஜ்யம் என்று எங்கள் மாணவன் ஒருவன் எழுதியிருந்ததைப் பார்த்து, எதிர்த்தரப்புப் பெண் சந்தேகத்துடன் காரணம் கேட்டாள். வாழைக்காய்த் தோல், கத்தரிக்காய்க் காம்பு, கழுநீர் எல்லாம் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போய்விடும் என்று அவன் விளக்கினான். மறுவாரம் வந்த அட்டவணையில், 'கழிவு பதப்படுத்தும் அமைப்பு' என்ற தலைப்பின் கீழ் 'பசு: 1' என்று பதிவாகியிருந்தது, அதன் ஒரு நாள் கொள்ளளவையும் கேட்டிருந்தார்கள்.

செவ்வாய்தோறும் அவர்களுக்குக் காலை 9 மணி, எங்களுக்கு இரவு 7.30. விடுதியில் பரோட்டா போடுவதும் செவ்வாய் இரவில்தான் என்பதால், வகுப்பு முடிந்து ஓடும் விடுதி மாணவர்களுக்குச் சால்னா வாளியின் அடியில் கரண்டி உரசும் சத்தமே மிஞ்சும்.

மார்ச் 12 அன்று வழக்கம்போல் 7.25க்கே கணினி அறையில் கூடினோம். 'அனுமதிக்கும் வரை காத்திருக்கவும்' என்ற வரியை இருபது நிமிடம் வெறித்துப் பார்த்த பிறகுதான் மின்னஞ்சலைத் திறக்கும் புத்தி எனக்கு வந்தது. அவர்களிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. 6.40க்கு, 'மின்தடையா?' 6.55க்கு, 'எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?' 7.20க்கு வந்தது மாணவர்களின் கைவரிசையாகத்தான் இருக்க வேண்டும்: 'பசுவுக்கு உடம்பு சரியில்லையா?'

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 ஆக்கிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பித் தரும் அமெரிக்க வழக்கம் அப்போதுதான் எனக்கு உறைத்தது; அவர்களுடைய காலை 9 மணி அன்று எங்களுக்கு 6.30க்கே வந்துவிட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நம் நாட்டிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தார்கள் என்று, என் மானத்தைக் காத்துக்கொள்வதற்காக ஒரு வரலாற்றுக் குறிப்பையும் சேர்த்து வகுப்பில் விளக்கினேன். யாரும் அசரவில்லை. "எட்டு மாசம் கழிச்சுத் தராங்களே, வட்டி உண்டா சார்?" என்றான் பசு வீட்டுக்காரன்.

அடுத்த செவ்வாய் முதல் வகுப்பு 6.30க்கே தொடங்கி 7.30க்கு முடிந்தது. மூன்றாவது வாரம் விடுதி மாணவர்களின் சார்பில் ஒருவன் என் மேசையருகே வந்து நின்று, மிகுந்த பணிவுடன் சொன்னான்: "சார், அந்த ஒரு மணி நேரத்தை அவங்க திருப்பியே தர வேணாம்னு எழுதிடுங்க. பரோட்டா சூடாக் கிடைக்குது."