உப்புக்குப் போக்கிடம்

திருப்பூரில் கழிவுநீர் மாதிரி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிவப்பும் நீலமுமாக ஓடும் வாய்க்கால்தான் என்னைப் பயமுறுத்தியது. சாய நீரின் நிறத்தை எடுக்க வழி உண்டு, உப்பை எடுப்பதுதான் கஷ்டம் என்பது பிறகுதான் புரிந்தது. சுத்திகரித்துத் தெளிந்த தண்ணீரில் மீட்டரை விட்டால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரக்கணக்கில் ஏறும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்கக் கொட்டிய உப்பு அப்படியே இருக்கும்.

லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை ஆற்றில் விடலாம் என்பது அன்றைய அளவு. ஆனால் இங்குள்ள நொய்யல் ஆறு மழை மறைவுப் பகுதியில் ஓடுகிறது. வருஷத்தில் பல மாதம் அதில் கலந்து கரைய நல்ல தண்ணீரே இருக்காது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாகிப் போனது. அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினார். “வாயில வச்சுப் பாருங்க சார். மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க” என்றார். நாக்கில் பட்டதும் துப்பிவிட்டேன். அவர் துப்பவில்லை, பழகியிருந்தது.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி, மாதிரியைச் சோதிக்கப்போவதாக உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மழை இரவில், ஒரு சாயப்பட்டறையின் பின்புறம் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்தோம். முன்பக்கக் கதவைத் திறக்க இருபது நிமிஷம் ஆக்கினார்கள். உள்ளே போனபோது குழாயில் மழைத் தண்ணீர்தான் வந்தது. அன்று சட்டத்தின் மேலேயே கோபம் வந்தது. இப்போது அந்த விதி சரி என்றே நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து இன்னார் பட்டறைத் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். தேவைப்பட்டது, குழாயிலேயே இரவும் பகலும் ஓடும் மீட்டர்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. வேலை இழந்தவர்கள் மூட்டையோடு பஸ் ஏறியதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. கிணற்றடிப் பெரியவரையும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கஷ்டப்பட்டவர்கள் காசில்லாதவர்கள்தான்.

அப்புறம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற முறைக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறின. ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டியில் பிரிந்த தண்ணீர் மறுபடி சாயத் தொட்டிக்குப் போகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலையும் சாயமேற்றவே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்த ஊரில், மீட்ட தண்ணீருக்கு மதிப்பு வந்தது. பட்டறைக்காரர்களே குழாய்க் கசிவைத் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எந்த நோட்டீஸும் அதைச் செய்திருக்காது.

கடைசியில் ஆவியாக்கிக் காய்ச்சினால் மிஞ்சும் கலப்பு உப்பைத்தான் யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கிடங்கில் அடுக்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆய்வுக்குப் போனால், மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கிடங்குக் கூரையின் தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.