டர்பனில் ஓர் உயரமானி: ஒரே மோட்டாரில் மூன்று முட்கள்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக வீட்டில் நான் செய்துவரும், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கருவிப் பலகையில் வேகமானி ஏற்கெனவே இயங்குகிறது. கார் டாஷ்போர்டுகளில் பயன்படும் எக்ஸ்27 வகைச் சிறு மோட்டார் 315 பாகை வரைதான் திரும்பும் என்றாலும், வேகமானியின் முள் ஒரு சுற்றைத் தாண்டாது என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. உயரமானி அப்படிப்பட்டதன்று. அதன் நீண்ட முள் ஆயிரம் அடிக்கு ஒரு முழுச் சுற்று வர வேண்டும். குட்டை முள் பத்தாயிரம் அடிக்கு ஒரு சுற்று. மூன்றாம் முள் லட்சம் அடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர வேண்டும்.

முள்ளுக்கு ஒரு மோட்டார் வீதம் மூன்றைப் பொருத்தி, ஒழுங்கை மென்பொருளிடம் விட்டுவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மோட்டார் சில அடிவைப்புகளை, அதாவது அது ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் சிறு நகர்வுகளை, தவறவிட்டால் நீண்ட முள் ஒன்றையும் குட்டை முள் வேறொன்றையும் காட்டும். உயரமானி செய்யவே கூடாத பிழை அதுதான். பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்ட முட்களால் ஒன்றோடொன்று முரண்பட முடியாது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் என் மாமாவிடம் வரைபடத்தைக் காட்டியபோது, "நிமிட முள்ளுக்கும் மணி முள்ளுக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று, தம்பி. உனக்குப் பத்துக்கு ஒன்று. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை" என்றார். முட்கள் ஒரே மையத்தில் சுழல வேண்டியிருப்பதால், பக்க அச்சுக்குப் போகும் பல்சக்கர இணைக்கும் அங்கிருந்து மையத்துக்குத் திரும்பி வரும் இணைக்கும் அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதாவது, இரண்டு இணைகளிலும் பற்களின் கூட்டுத்தொகை சமமாக வேண்டும். நீண்ட முள்ளின் தண்டில் 24 பற்கள், அது பக்க அச்சிலுள்ள 48 பற்களைச் சுழற்றும். அதே பக்க அச்சில் 12 பற்கள், அவை குட்டை முள்ளின் குழாயிலுள்ள 60 பற்களைச் சுழற்றும். இரண்டு இணைகளிலும் கூட்டுத்தொகை 72. இரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் பத்து. மூன்றாம் முள்ளுக்கும் இதே அமைப்பை எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முறை வைத்தேன்.

இவை அனைத்தும் 3⅛ அங்குல விட்டமுள்ள துளைக்குள், அதாவது ஏறத்தாழ 79 மில்லிமீட்டருக்குள், அடங்க வேண்டும். பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 0.5 என்று கொண்டால் பக்க அச்சு மையத்திலிருந்து 18 மில்லிமீட்டரில் அமைகிறது. 48 பல் சக்கரத்தின் விளிம்பும் 31 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இவ்வளவு நுண்ணிய பற்களுக்கு முப்பரிமாண அச்சுப்பொறியில் 0.2 மில்லிமீட்டர் நாசில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) தேவைப்பட்டது. தண்டுகளுக்கு எஃகை நாடவில்லை. இங்கே கடற்காற்று எஃகை விட்டுவைக்காது. ஒன்றினுள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்களே சரியாக அமைந்தன. பற்களுக்கு இடையிலான தளர்வைப் போக்க, பழைய மேசைக் கடிகாரத்திலிருந்து மாமா எடுத்துத் தந்த மெல்லிய சுருள்வில்லைக் குட்டை முள்ளின் சக்கரத்தில் கட்டினேன். இப்போது விரலால் தட்டினாலும் அந்த முள் ஆடுவதில்லை.

மோட்டார் மலிவான 28பிஒய்ஜே-48. அதன் உள்கியர் விகிதம் 64 என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பெரும்பாலானவற்றில் உண்மையான விகிதம் 63.684 அளவில்தான் இருக்கிறது. ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும் முட்களுக்கு இது பொருட்டே அன்று. பல சுற்றுகள் வரும் முள்ளில் ஆயிரம் அடிக்கு ஐந்து அடி என்று பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நிரலில் ஒரு சுற்றுக்கு 4096 அரை அடிவைப்புகளுக்குப் பதிலாக 4075.77 என்று கொடுத்திருக்கிறேன். மின்வெட்டுக்குப் பிறகு முட்கள் தம் இடத்தைத் தாமே கண்டுகொள்ள, 24 பல் சக்கரத்திலும் 60 பல் சக்கரத்திலும் ஒவ்வொரு சிறு காந்தமும், அவற்றுக்கு எதிரே காந்தத்தை உணரும் ஹால் சென்சார்களும் இருக்கின்றன.

அன்றைய காற்றழுத்தத்தை விமானி திருகிப் பொருத்தும் எண் தெரியும் சிறு திறப்பான காற்றழுத்தச் சாளரத்துக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து தரையிறங்கியபோது, அந்த விமானத்தில் இருந்தது பால் கோல்ஸ்மன் உருவாக்கிய நுண்ணுணர்வு உயரமானி. இந்தச் சாளரம் இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அமெரிக்க முகப்புகளில் அளவு பாதரச அங்குலத்தில் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஹெக்டோபாஸ்கலில்தான் சொல்வார்கள் என்பதால் 950 முதல் 1050 வரையிலான வட்டை நானே வரைந்தேன். அந்த வட்டைத் திருப்பும் திருகுடன், நகர்வை மட்டும் எண்ணும் என்கோடருக்குப் பதிலாக, நிற்கும் இடத்தையே காட்டும் பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டரை (மாறு மின்தடையை) இணைத்தேன். அதனால் கணினியை எப்போது இயக்கினாலும், சாளரத்தில் தெரியும் எண்ணும் சிமுலேட்டருக்குப் போகும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். கருவியை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை அதை ஏறத்தாழ 0.1 ஹெக்டோபாஸ்கல் நுணுக்கத்தில் படிக்கிறது. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் சுமார் 27 அடி என்பதால், மூன்று அடிக்கும் குறைவான நுணுக்கம் கிடைக்கிறது.

சோதனைக்கு இந்த நாட்டின் நில அமைப்பே துணை செய்தது. டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தின் உயரம் 20 அடி; முகப்பின் சிறு கோடுகளும் இருபது அடிக்கு ஒன்று. விமானம் அங்கே நிற்கும்போது நீண்ட முள் முதல் கோட்டின் மீதே படிந்து நின்றது. அடுத்து 5,558 அடி உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ. ஆர். டாம்போ விமான நிலையத்தைச் சிமுலேட்டரில் திறந்தேன். முள் அரை நிமிடத்துக்குள் ஐந்தரைச் சுற்றும் வந்து 560 கோட்டுக்குச் சற்று முன்னே நின்றது. குட்டை முள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவைச் சிறிதே கடந்திருந்தது. நிமிடத்துக்கு 700 அடி வீதம் ஏறும்போது ஓர் அரை அடிவைப்பு கால் அடிக்கு ஈடாவதால், அசைவில் துள்ளல் சிறிதும் தெரியவில்லை. திரையில் வரையப்பட்ட முள்ளில் நான் ஒருபோதும் கண்டிராத ஓட்டம் அது.

மூன்றாம் முள்ளுக்கு இன்னும் சுருள்வில் கட்டவில்லை. அதில் சிறிது தளர்வு எஞ்சியிருக்கிறது. முகப்புக் கண்ணாடிக்கு ஒளி தெறிக்காத அக்ரிலிக் தகட்டை வெட்டக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் பலகையில் பொருத்திவிட்டு, அடுத்ததாக ஏறிறங்கு வேகமானியைத் தொடங்குவேன்.