காரில்லாமல் தியோமான்: எத்தனை இரவு போடுவது?

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது "தியோமான், மூணு பகல் ரெண்டு ராத்திரி" என்று போட்டால், அதில் கடலுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள். மற்ற இரண்டும் பேருந்துக்கும் ஃபெரிக்கும் போய்விடும். கார் இல்லாதவர்கள் பகலை விட்டுவிட்டுத் தீவில் தங்கும் இரவுகளை மட்டும் எண்ணுங்கள். என் கணக்கு நான்கு. மூன்றிலும் சமாளிக்கலாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது தீவுக்கு ஃபெரி கிளம்பும் ஜொகூர் ஊரான மெர்சிங்கின் படகுத்துறைதான். அது ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நீர் வற்றினால் ஃபெரி வெளியேற ஆழம் போதாது. அதனால் புறப்படும் நேரம் ஓதத்தைப் பார்த்து நாளுக்கு நாள் மாறும். முதலில் ஃபெரி நேரம், அப்புறம் அறை, பேருந்து, ஆபீஸ் லீவு எல்லாம்.

உட்லண்ட்ஸிலிருந்து 170 எண் பேருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் சென்ட்ரல் பேருந்து நிலையம் வரை போகும், 170எக்ஸ் போகாது. சோதனைச்சாவடியில் இறங்கும்போது பையையும் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி உங்களுக்காக நிற்காது. அடுத்த 170-இல் ஏறிக்கொள்ளலாம். லார்க்கினிலிருந்து மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடக்கும் நேரத்தைத்தான் கணிக்க முடியாது. வெள்ளி மாலையோ பள்ளி விடுமுறையின் முதல் நாளோ என்றால் அதற்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஃபெரி கிடைத்தால் முந்தைய இரவே மெர்சிங்கில் தங்கிவிடுவது நல்லது. அந்த இரவு நான்கில் சேராது.

தீவில் ஒரே கம்பத்தில் (கிராமத்தில்) தங்குங்கள். பல கம்பங்களுக்கு இடையே சாலை கிடையாது, படகுதான். அறை மாற்றினால் அரை நாள் போச்சு. ஆயர் பாத்தாங் கம்பத்திலிருந்து தீவின் முக்கியக் கம்பமான தெக்கேக்குக்கு நடந்தே வரலாம் என்பதால் காரில்லாதவர்களுக்கு அது வசதி. கிழக்குக் கரை ஜுவாரா, தெக்கேக்கிலிருந்து காட்டுப் பாதையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். போவதற்கே இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், திரும்ப ஃபோர் வீல் வண்டி பிடிக்கலாம். இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். மூன்று இரவுக்காரர்கள் ஜுவாராவை மறந்துவிடுங்கள்.

திரும்பும் ஃபெரிக்கும் வேலை நாளுக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழை: ஃபெரி ரத்தாகும், பல விடுதிகள் மூடியிருக்கும். நம் பிள்ளைகளின் நீண்ட ஆண்டிறுதி விடுமுறை சரியாக அதில்தான் விழுகிறது. மார்ச் ஒரு வார விடுமுறைக்கு நான்கு இரவு கச்சிதம். ஜூனில் அறைகள் சீக்கிரம் நிரம்பும். ஏடிஎம் தெக்கேக்கில்தான், ஆகவே ரிங்கிட்டை ஜொகூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.